பை எண் நாற்பத்தொன்று

சூப்பே ஆறு இந்த மாதம் வெறும் கூழாங்கல்.
தண்ணீர் லாரி பிந்தியது, நானும் பிந்தினேன்.
மேஸ்திரி லியான்ட்ரோ நோட்டில்
அரை நாள் என்று எழுதிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் தூரிகையை நீட்டினார்.

மூன்றாம் மேட்டின் வயிற்றை
வாரக்கணக்காய்ச் சுரண்டுகிறோம்.
உள்ளே முழுக்கப் பைகள்.
கோரையை முறுக்கி வலையாய் முடைந்து
கல்லை நிரப்பி வாயைக் கட்டி
ஆற்றங்கரையிலிருந்து சுமந்துவந்து
பையோடு அப்படியே இறக்கிவைத்தவை.
அவிழ்த்துக் கொட்டியிருந்தால் பை மிச்சம்.
கொட்டவில்லை.
பூமி குலுங்கினால் தனிக்கல் உருண்டோடும்,
பைக்குள் இருக்கும் கல்
கொஞ்சம் புரண்டு படுக்கும், அவ்வளவுதான்.
போன நடுக்கத்தில்
என் வீட்டுச் சிமெண்ட் சுவர் வாய்பிளந்தது.
மேடு அசையவில்லை.

நாலாயிரத்து ஐந்நூறு வருஷம் என்கிறார் பெர்பெத்துவா.
எப்படித் தெரியும் என்றேன்.
மரம் ஏமாற்றும், வெட்டும்போதே அதற்கு நூறு வயதிருக்கும்.
கோரைக்கு ஆயுசு ஒரே வருஷம்,
அறுபட்ட வருஷத்தைத் தவிர
அதற்கு வேறெதுவும் தெரியாது என்றார்.

பானை வனையத் தெரியாத ஊர் இது.
மதில் இல்லை.
ஒரு ஈட்டிமுனைகூட இதுவரை என் கையில் தட்டுப்படவில்லை.
தட்டுப்படுவதெல்லாம்
நெத்திலி முள், பருத்திக்கொட்டை,
கூழைக்கடா எலும்பில் துளைபோட்ட குழல்.
பருத்தி இங்கே விளைந்தது, மீன் அங்கே துள்ளியது.
வலை வேண்டியவன் மேலே ஏறிவந்தான்,
பசித்தவன் கீழே இறங்கிப்போனான்.
நடுவே ஒரு நாள் நடை.
என் மகள் யாடிராவின் பாடப்புத்தகம்
ராஜாவில் தொடங்குகிறது.
என்னைக் கேட்டால் நெத்திலியில் தொடங்குவேன்.

பைகளை நிறுப்பது என் வேலை.
இருபத்தாறு கிலோ. இருபத்தைந்தரை. இருபத்தாறு.
நாற்பத்தொன்றாவது, ஒன்பது.
தராசைத் தட்டினேன்.
மறுபடியும் ஒன்பது.
கிழிசல் இல்லை. முடிச்சு கட்டியபடியே இருக்கிறது.
மற்ற முடிச்சுகள் வலஞ்சுழி, இது இடஞ்சுழி.
கற்களுக்கிடையே கோரைத் தாளைத் திணித்து
உப்பவைத்திருக்கிறது ஒரு கை.

அடி கள்ளி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பெண் என்று யார் சொன்னார்கள்?
யாரும் சொல்லவில்லை.
உனக்கு என்ன, முதுகுவலியா,
ஏழாம் மாதமா,
இல்லை ஒன்றுமே இல்லாமல்
நண்பகல் வெயிலில் ஒரு கடுப்பா?
சுமப்பது நாம், மேலே நின்று
குழல் ஊதப்போவது யாரோ என்று?

மேலே நின்று
பையை வாங்கி அடுக்கியவன் ஒருவன் இருந்திருப்பான்.
வாங்குகிற கைக்குத் தெரியாமலா போகும்
பதினேழு கிலோ?
கையைப் பின்னுக்கு இழுத்திருப்பான்,
அவள் முகத்தைப் பார்த்திருப்பான்,
அல்லது பார்க்காமலே இருந்திருப்பான்.
இரண்டு கனத்த பைகளுக்கு நடுவே
இடுக்கில் செருகிவைத்திருந்தான்.
நான் எடுத்தபோது அப்படித்தான் இருந்தது.
அந்த இடம் ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்கவில்லை.

பெர்பெத்துவா எழுதினார்:
பை நாற்பத்தொன்று. எடை ஒன்பது. காரணம் தெரியவில்லை.
ஒரு கோரை நூலை நறுக்கி உறையில் போட்டுக்கொண்டு
மிச்சத்தை இருந்த இடத்திலேயே வைத்து
மூடச் சொன்னார்.

என் காற்சட்டைப் பையில் ஒரு கல் கிடந்தது,
கதவுக்கு முட்டுக்கொடுக்க
காலையில் ஆற்றில் பொறுக்கியது.
போட்டுவிடலாமா என்று தோன்றியது.
போடவில்லை.
இத்தனை காலம் நின்ற கணக்கில்
நான் யார் கைவைக்க?
மண்ணைத் தள்ளினேன்.

ஐந்து மணி.
லியான்ட்ரோ கையெழுத்துக்காக நோட்டை விரித்தார்.
கடலிலிருந்து காற்று ஏறிவந்து
பக்கங்களைப் புரட்டியது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கல்லை எடுத்து
என் பெயர் இருந்த பக்கத்தின்மேல் வைத்தேன்.